குரல்தின்னியின் கூண்டு

என் அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. அந்தத் தூர தேசத்தில் நீ நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் பேனா அந்த வரிக்கு வரமாட்டேன் என்று மக்கர் பண்ணுகிறது, படித்துவிட்டு நீயே சொல். போன் இருக்கும்போது அம்மா எதற்கு அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போன் பண்ணினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உனக்கு மட்டும்தான் மகளா என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத பேச்சு.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஐஸ் கிடங்கில் ஒருவர் வேற்றுக்கிரக மிருகக்காட்சிசாலை வைத்திருக்கிறார், அப்பாவுக்கும் எனக்கும் அங்கே வேலை என்று சொன்னேன் அல்லவா. துணிக்கடைப் பொம்மைக்குக் கையும் காலும் ஒட்டிக்கொண்டிருந்த உன் அப்பா இப்போது பிரம்மாவாகிவிட்டார். அவர் கம்பி வளைத்து ஸ்பாஞ்சு கட்டி உடம்பு செய்வார், நான் சோபா ரெக்ஸினில் தோல் தைத்துப் போர்த்துவேன். எந்தக் கிரகம், என்ன தீனி, என்ன குணம் என்பதெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி சொல்ல, போர்டு எழுதுகிறவர் எழுதி மாட்டுவார். முழங்காலுக்குப் பின்பக்கம் கண் உள்ளது ஒன்று, வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது, உன் பெரியப்பாவை நினைத்துச் செய்தது. அவரே வந்து பார்த்துவிட்டு, பாவம் இது எப்படித்தான் பொழைக்குதோ என்று பரிதாபப்பட்டார். மூன்று வாய் உள்ளது ஒன்று, தின்ன ஒரு வாய், கொட்டாவிக்கு ஒரு வாய், அடுத்த வீட்டுக் கதை பேச ஒரு வாய். அது யாரென்று நான் சொல்லமாட்டேன், உன் அத்தையிடம் நீயும் சொல்லிவிடாதே.

கடைசிக் கூண்டில் இருப்பது அசைய வேண்டும், சத்தம் போட வேண்டும் என்றார் முதலாளி. அதனால் ஆள் உட்காரும்படி வயிறு வைத்துச் செய்து, அப்பாவே உள்ளே இருந்து கயிறு இழுக்கிறார். முதுகில் கதவு, பிள்ளைகள் கண்ணில் படாமல் பின்பக்கம், தாழ்ப்பாள் வெளியே. குரல்தின்னி என்று பெயர் வைத்தேன். போர்டில் என்ன போடலாம் என்று கேட்டபோது, இது வந்தவர்களின் குரலைத் தின்று வாழும், மனிதனைப் போலவே கதவைத் திறங்கள், காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும், நம்பாதீர்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதன் பிறகு அந்தக் கூண்டில்தான் கூட்டம். அப்பா உள்ளே இருந்து கெஞ்சக் கெஞ்ச வெளியே கைதட்டு. இத்தனை வயதுக்கு அந்த மனுஷனுக்கு யார் கைதட்டியிருக்கிறார்கள் சொல், கல்யாணத்தன்று நான்கூடத் தட்டவில்லை. போன வாரம் உள்ளே இருக்கும் சின்ன மின்விசிறி நின்றுவிட்டது. ரெக்ஸினுக்குள் மூச்சு முட்டி, ஐயோ திறங்கய்யா என்று கத்தியிருக்கிறார். ஜனம் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. நான் பக்கத்துக் கூண்டில் மூன்று வாய்க்காரியின் கிழிந்த உதட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் கேட்டது. கிழவன் இன்னிக்கு வெளுத்து வாங்குறாரே என்று நினைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். டிக்கெட் கொடுக்கிற பெண் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்து திறந்ததால் ஆள் கிடைத்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. தண்ணீர் குடித்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா, இன்னிக்குத் தட்டுன மாதிரி என்னிக்கும் தட்டல என்றார்.

இனிமேல் நிஜமாக ஆபத்து என்றால் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், வாண்டு என்று கேட்டால் நான் ஓடிவருவேன் என்று எங்களுக்குள் பேசி வைத்தோம். ஒருநாள் லேசாக மயக்கம் வந்து கூப்பிட்டார், நானும் ஓடித் திறந்தேன். முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. மறுநாளே போர்டில் ஒரு வரி சேர்ந்துவிட்டது, இது தன் குட்டியை வாண்டு என்று அழைக்கும் என்று. இப்போது பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாண்டு, வாண்டு என்று கத்துகிறார்கள், அவரும் உள்ளே இருந்து பதிலுக்குக் கத்துகிறார். எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டிலும் அப்படித்தான், நேற்று ஸ்டூலில் இருந்து விழுந்து என்னைக் கூப்பிட்டார், நான் துணி வெட்டிக்கொண்டே இருந்தேன்.

போர்டை எடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அந்த போர்டுக்குத்தானே அக்கா கூட்டமே வருது, நல்லா கலாய்க்கிறீங்க என்றார். அழித்துக் கொடுங்கள் என்று போர்டு எழுதுகிறவரிடம் கேட்டேன், ஒங்களுக்குப் பொழுது போகலயா என்று சிரித்தார். தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், மறுநாள் பூட்டுத் தொங்குகிறது, சாவி டிக்கெட் அறையில். கடைசியில் உன் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாதீங்க, ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் என்று அழுதேன் வாண்டு. அவர் என்னைப் பார்த்துக் கைதட்டினார். அடியே, என்னை விட நீ நல்லா பண்றியே, நாளைக்கு நீ உள்ள போ என்றார். ஆயுசு முழுக்க எல்லோரையும் கிண்டல் பண்ணியவள் அழுதால் யார் நம்புவார்கள்.

இன்னும் மூன்று வாரத்தில் வரும் திங்கள்கிழமை பள்ளிக்கூட லீவு ஆரம்பம். காலையில் இருந்து சாயங்காலம் வரை இடைவெளி இல்லாமல் காட்டப் போகிறார்களாம், வெயிலும் ஏறிவிட்டது. அதற்குள் நீ அவரைக் கூப்பிட்டுப் பேசு. கெஞ்சாதே, கெஞ்சினால் ரசிப்பார். கோபமாகப் பேசு, நீ கோபப்பட்டால் அவருக்குத் தாங்காது. நீயும், அம்மா வழக்கம்போல ஏதோ அளக்கிறாள் என்று சிரித்துவிட்டு இதை மடித்து வைத்துவிடாதே. மூன்று வாய், முழங்கால் கண் எல்லாம் விளையாட்டு. மீதி விளையாட்டு இல்லை.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது இருப்பாய். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அந்தத் திங்கள்கிழமைக்கு முன்னால், மறந்துவிடாதே.

உன் பேச்சுக்காகக் காத்திருக்கும்,
அம்மா