கேள்வி கேட்கக் கூடாத முகாம்

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து தூறல். அத்திபெலே தாண்டி மண் ரோட்டில் கேப் சிக்கியது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, தரையில் உருள்றதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா மேடம் என்றார்.

வந்த காரணம்: என் வீட்டுக்காரர் குமரேசனின் வலது கை. நடக்கும்போது ஆடுவதில்லை. கையெழுத்து சிறுத்துவிட்டது. நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. இரண்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன், இரண்டையும் கு. ரத்து செய்தார். அடுத்தது வரும் செவ்வாய். போகிறாரா என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். கட்டிய மனுஷன். இதற்கு மேல் என்ன செய்ய.

இந்த முகாம் மகள் புனேயிலிருந்து பதிவு செய்தது, எங்கள் கல்யாண நாளுக்கு. உடலை அசைத்து மனதை அறிவதாம். நான்கு நாள். ஆஸ்பத்திரிக்கு வராதவர் இதற்கு உடனே தலையாட்டினார். பொம்மசந்திரா ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகும் வரை தரப் பரிசோதனை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஆள். புரியவில்லை.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டு பரவாயில்லையாம். நடத்துகிறவள் மேகா, மைசூர்க்காரி, தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. விதிகள் சொன்னாள். வட்டத்தில் ஒருவர் பேசும்போது அறிவுரை கூடாது, ஆறுதல் கூடாது, கேள்வி கூடாது. கேட்டதை வெளியே எடுத்துப் பேசவும் கூடாது.

கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான்.

ஜூலை 18, வெள்ளி

ஈரம். தவழ்தல். முழங்கால் போச்சு. "உங்க இடுப்பு என்ன சொல்லுது?" என்று மேகா ஒவ்வொருவரிடமும். கேள்வி கேட்க அவளுக்கு மட்டும் அனுமதி போல. என் இடுப்பு சொன்னது: தரை ஜில்லென்று இருக்கிறது.

சாமை உப்புமா, உப்பில்லை. காபி கிடையாது. தலைவலி.

மாலையில் வட்டம். பாதிப்பேர் ஐடி. சேலத்துக்காரர் தினேஷ், ஏதோ டீம் லீட், மேனேஜரைப் பற்றிச் சொல்லி அழுதார். பிறகு யாரும் கேட்காமலே கு. ஆரம்பித்தார். காலையில் பட்டன் போடும்போது கை தன்னுடையதாகவே இல்லையாம். யாருடைய கையையோ எடுத்துத் தன் தோளில் மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறதாம். என்னிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதோடு விட்டாரா?

"வீட்ல சொல்ல முடியாதுங்க. ஒய்ஃப் ரிப்போர்ட்டர். வலிக்குதுன்னு சொன்னா போதும், பேட்டி எடுக்க ஆரம்பிச்சுருவா."

சிரிப்பு. நான் கேட்டுவிட்டேன்.

"எந்த மாசத்துலேருந்து?"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மேகா கையை உயர்த்தினாள். "அக்கா, ப்ரஷ்னே பேடா. கேள்வி வேணாம், ப்ளீஸ்." கு. அதோடு வாயை மூடிக்கொண்டார். அறைக்கு வந்தும் அப்படியே. நான் பேச்சை எடுத்ததும், வட்டத்தில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்று எனக்கே விதி சொன்னார்.

எரிச்சல். டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்ல வருகிறது. கேட்காமல் விட்டால் மட்டும் வீட்டில் சொல்லிவிடுவாரா? கல்யாணமான புதிதில் காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போன ஆள். அதுவும் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது.

ஜூலை 19, சனி

கொஞ்சம் வெயில். துவைத்தது காயவில்லை. சுக்குக் கஷாயம் வாங்கும் இடத்தில் தினேஷ், "ஆன்ட்டி, இன்னைக்கு ஹெட்லைன் என்ன?" உப்புமாவில் உப்பு வந்தது என்றேன்.

காலைப் பயிற்சி ஜோடியாக. ஒருவர் நடக்க, மற்றவர் பின்னாலேயே அதே நடையில் போக வேண்டும். பிறகு முன்னால் போனவர் ஒதுங்கி நிற்பார். பின்னால் வந்தவர் அந்த நடையைத் தனியாக நடந்து காட்டுவார். கேலி கூடாது, கூட்டவோ குறைக்கவோ கூடாது, முடியும்வரை பேச்சும் கூடாது.

முதலில் கு. என்னைப்போல் நடந்தார். கழுத்தை நீட்டிக்கொண்டு, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி. கேலி செய்யவில்லை. அப்படித்தான் நடக்கிறேன் போல.

அடுத்து நான் அவர் பின்னால். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்தேன். காலைத் தூக்காமல் தேய்த்தேன். திரும்பும்போது அவர் சட்டென்று திரும்புவதில்லை, சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றுகிறார். இதை இதுவரை நான் கவனித்ததில்லை. நானும் அப்படியே. சுற்றச் சுற்ற என் தோள் இறுகி வலித்தது. தினமும் இப்படியா இவருக்கு?

மேகா அவரை ஒதுங்கச் சொன்னாள். நான் தனியாக, அவர் நடையில், ஹாலின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினேன். கு. சுவரோரம். ஃபேக்டரியில் ஒரு பாகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாரே, அந்த முகம்.

"நான் இப்படியா நடக்கறேன், சாந்தி?"

நான் பேசவில்லை. விதிக்காக என்று சொல்ல முடியாது. நேற்று அவர் வாயை மூடிக்கொண்டதற்குப் பதிலுக்கு.

"சொல்லேன். இவ்வளவு மோசமாவா இருக்கு?"

மேகாவும் தடுக்கவில்லை. நான் இன்னொரு தடவை அதே மாதிரி நடந்தேன். கொஞ்சம்கூடக் கூட்டவில்லை.

மதியம் கு. சாப்பிட வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையை விரித்து மூடி, விரித்து மூடி. நான் பக்கத்தில் போகவில்லை. போனால் கேட்டிருப்பேன்.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடி தூறல். கடைசி வட்டம். என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். முழங்கால் வலி என்று சொல்ல வந்து, பாஸ் என்றேன். கு.வும் பாஸ். தினேஷ் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். மேகா மட்டும் என்னைப் பார்த்து ஏதோ கேட்க நினைத்தது போலிருந்தது. கேட்கவில்லை.

போன் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரி மெசேஜ்: செவ்வாய்க்கிழமை வருவதை உறுதி செய்யவும். திறந்தபடியே கேப் சீட்டில் எங்களுக்கு நடுவே வைத்தேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டே சந்தாபுரா தாண்டினோம். அவர் டிரைவரிடம் உப்புமாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். விரிவாக.

பொம்மசந்திராவில் நெரிசல். வண்டி நின்றது. போனை எடுத்தார். இடது கட்டை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி ஆஸ்பத்திரிக்குப் பதில் அனுப்பினார். உதவிக்கு என் கை நீண்டது, இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"போலாம். நீயும் உள்ள வா."

சரி என்றேன்.

"டாக்டர் நடக்கச் சொல்லுவாரு. அவர் முன்னாடி நான் நல்லா நடந்துருவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நீ நடந்து காட்டு."