சாவியை எடுத்த பிறகும்

செவ்வாய், இரவு

அப்பா பழைய லோரி என்ஜினைப் பிரித்துக் கோத்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ மாட்டி, இன்று மாலை முதல்முறையாக ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரத்தில் நீலப்புகை வந்தது. அப்பா பயந்து சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டார். என்ஜின் நிற்கவில்லை. யாரோ ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு மெக்கானிக் செல்வம் அங்கிள் ஓடிவந்து, காற்று போகும் குழாயைப் பலகையால் அடைத்த பிறகுதான் அடங்கியது.

"டர்போ சீல் போச்சு பாஸ். என்ஜின் அதோட எண்ணெயையே குடிச்சிட்டு ஓடுது. ரோட்டுல எடுக்காதீங்க."

"புது மூச்சு லா, கொஞ்சம் திமிரு இருக்கும்," என்று அப்பா சிரித்தார். "நாளைக்குக் கிள்ளான் போர்ட்டுக்கு லோடு ஏத்தலன்னா, வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"ஹைவேல இப்படி ஆனா யாரு வந்து பலகை வைக்கிறது?" என்று அம்மா கேட்டார். அப்பா குளிக்கப் போய்விட்டார்.

எல்லாரும் தூங்கியதும் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து லோரிச் சாவியை எடுத்துவிட்டேன். பிரயோஜனமில்லை. சாவி இல்லாவிட்டால் ஒயரை உரசி ஸ்டார்ட் செய்துவிடுவார்.

சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாலையில், நிற்காத என்ஜின் முன்னால் அப்பாவும் இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.