ஆட்டைத் திட்டும் கேட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எனக்கு ஆபீசில் சக்கரம் வைத்த நாற்காலி கிடைத்துவிட்டது. ரயில்வேயை நவீனமாக்கும் நிபுணர் குழுவே இப்போது என்னை நம்பித்தான் ஓடுகிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சுகமா?

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைதான் குழம்பிக் கிடக்கிறது. பன்னிரண்டாம் பரிந்துரை எல்லா ரயில்வே கேட்டையும் தானியங்கி ஆக்கச் சொல்கிறது. முப்பதாவது, கேட் கீப்பர் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது.

"அப்போ எங்கப்பா கேட்ல என்ன சார் பண்ணுவாரு?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"ரெண்டையும் ஏத்துக்கிட்டாச்சுப்பா" என்றார். உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

நேற்று கேட் கீப்பர்களின் கருத்துப் படிவங்களை வாசித்தார்கள். 'உங்கள் கேட்டைத் தானியங்கி ஆக்கலாமா?' என்பதற்கு உங்கள் படிவத்தில், 'ஆக்கலாம். தண்டவாளத்தில் படுத்திருக்கும் ஆட்டை அது திட்டுமா?' என்று இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"நியாயமான கேள்வி. நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் தலைவர். வரும் வியாழக்கிழமை அங்கே வருகிறார்கள்.

அவர்களிடம் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இந்த அறையில் ரயில் சத்தமே கேட்பதில்லை, தூக்கம் வர மறுக்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதீர்கள். அந்தப் படிவத்தை நீங்கள் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தீர்கள். பதிலை விளையாட்டாக எழுதியது நான்தான். குழுவில் என் வேலை படிவம் அடுக்குவது மட்டுமே. வியாழக்கிழமை எப்படியாவது ஒரு ஆட்டைப் பிடித்து வந்து, அவர்கள் முன்னால் நன்றாகத் திட்டிக் காட்டுங்கள் அப்பா.

உங்கள் மகன்