எலுமிச்சைத் தொட்டிக்கு வந்த எறும்பு

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், செடிங்க முக்கால்வாசி நல்லா இருக்கு, போன மாசம் எங்க எல்லாரையும் விட எறும்புங்கதான் ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ எப்படி இருக்கே, அந்த இருமல் விட்டுச்சா, ஆபீஸ்ல ஏசிக்கு நேர் கீழே உக்கார வச்சிருக்காங்கன்னு சொன்னியே, இடம் மாத்திக் கொடுத்தாங்களா? கேக்காம வாயை மூடிக்கிட்டு இருக்காதே, வீட்டுல மட்டும்தான் உனக்கு வாய். இந்த விஷயத்தைப் போன்லயே சொல்லியிருப்பேன், ஆனா நீ நடுவுல நடுவுல சிரிச்சு எனக்குக் கதையே மறந்துபோகும், அதனால தையல் மெஷினை மூடிட்டு அது மேலேயே பேப்பரை வச்சு எழுதுறேன், எழுத்து ஆடினா மெஷினைத் திட்டு.

வீட்டுப் பின்னாடி அப்பா பழைய ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்த்து ஒரு பசுமைக்குடில் கட்டினாரே, நீ போட்டோவுலதான் பாத்திருக்கே, அதுல இருக்கிற எலுமிச்சைத் தொட்டியில இந்த வருஷம்தான் முதல் முதலா மொட்டு வச்சுது. அதைப் பாத்த அன்னிக்கே எறும்பையும் பாத்துட்டார். தண்டுல ஒரு வரிசை ஏறுது, ஒரு வரிசை இறங்குது, ஏதோ ஆபீஸ் விட்ட நேரம் மாதிரி. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன், கதவு மூடுற சத்தத்தை வச்சே எந்த ஸ்க்ரூ லூஸுன்னு சொல்வார், எறும்பு விஷயத்துல மட்டும் புத்தி வேலை செய்யல. முதல்ல சாக்பீஸ் கோடு போட்டார், எறும்பு சுத்திக்கிட்டுப் போச்சு. அப்புறம் மிளகாய்ச் செடித் தொட்டியில கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊத்தினார், எறும்பும் செத்துது, மிளகாய்ச் செடியும் செத்துது. மூணாவதா உன் கேரம் போர்டு இருந்த அட்டைப்பெட்டியைக் குடைஞ்சு அந்த போரிக் பவுடர் டப்பாவைத் தேடி எடுத்து, சர்க்கரைத் தண்ணியில அள்ளிக் கொட்டிக் கலந்து வச்சார். குடிச்ச எறும்பெல்லாம் அங்கேயே கூட்டமா செத்துக் கிடந்துச்சு, சாயங்காலம் பூரா மனுஷன் விசில் அடிச்சார், மறுநாள் காலையில அதைப் போல ரெண்டு பங்கு எறும்பு வந்து நின்னுச்சு.

அன்னிக்குத்தான் நான் எம்ப்ராய்டரிக்கு வச்சிருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன். எறும்பு இலையைக் கடிக்கவே இல்லடி. இலைக்கு அடியில பஞ்சு பஞ்சா வெள்ளையா மாவுப்பூச்சி ஒட்டிக்கிட்டிருக்கு, அதுங்க செடிச் சாற்றை உறிஞ்சிட்டு இனிப்பா ஒரு பிசினை விடுது, அதைக் குடிக்கத்தான் எறும்பு வருது, வர்றது மட்டுமில்ல, வேற பூச்சி வந்து மாவுப்பூச்சியைத் தின்னுடாம காவல் வேற இருக்குது. உன் பால்கனித் தொட்டியிலயும் எறும்புன்னு சொன்னே இல்ல, மண்ணைக் கிளறாதே, முதல்ல இலையைத் திருப்பிப் பாரு. வெள்ளை இருந்தா சோப்புத் தண்ணியைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு எடு. மண்ணுக்குள்ளயே குடியிருந்தா தொட்டியை ஒரு வாளித் தண்ணியில அரைமணி நேரம் முக்கி வை, எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு மேலே வரும். முக்கிட்டு மறந்து தூங்கிடாதே, வேர் அழுகிடும்.

சரி, கதைக்கு வர்றேன். இதுங்க எங்கே குடியிருக்குன்னு பாத்துடறேன்னு அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு முட்டி போட்டுத் தவழ்ந்து வரிசை பின்னாடியே போனார். குடிலை விட்டு, தண்ணிக் குழாய் ஓரமா, துணி துவைக்கிற கல்லைச் சுத்தி, பின் சுவர்ல ஏறி அந்தப் பக்கம் இறங்கிடுச்சு. அந்தப் பக்கம் யார் வீடுன்னு உனக்குத் தெரியும். அப்பா எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுட்டு உள்ளே வந்து தண்ணி குடிச்சார். உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்னேன். எறும்பு போகலாம், நான் போகமாட்டேன்னார்.

இவ்வளவு நாளா நீ கேக்கும்போதெல்லாம் அத்தைக்கு முழங்கால் வலி, அதான் வர்றதில்லன்னு சொல்லிச் சமாளிச்சேன், இனிமே மறைக்க வேண்டாம். நீ ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு, உன்னை ஏத்திவிட்டுட்டு வந்து இறங்கினதும் வாசல்ல வச்சு அத்தை அப்பாவைப் பாத்து, இருக்கிறது ஒரே பொண்ணு, அதையும் அனுப்பிட்டு இனிமே நீ எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறேன்னு கேட்டுட்டாங்க. இவர், என் வீட்டு விஷயத்துல நீ தலையிடாதேன்னுட்டார். அவ்வளவுதான். மூணு வருஷம், நடுவுல ஒரே ஒரு சுவர். இதுக்கு நீ காரணமில்ல, மனசுல ஏத்திக்காதே, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு.

ரெண்டு நாள் பொறுத்தார். மூணாம் நாள் ஒரு மொட்டு கறுத்து விழுந்துச்சு. அதைக் கையில எடுத்துப் பாத்தார், அப்புறம் செருப்பைப் போட்டுக்கிட்டு போரிக் பவுடர் டப்பாவோட கிளம்பிட்டார். அவங்க வாசல் அடுத்த தெருவுல இல்லையா, நானும் பின்னாடியே ஓடினேன். அத்தை கதவைத் திறந்தாங்க. இவர் நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கல, உன் வீட்டு எறும்பு என் வீட்டுக்கு வருதுன்னார். அத்தை இவரை மேலேயும் கீழேயும் பாத்துட்டு, உன் வீட்டு எறும்புதான் என் வீட்டுக்கு வருதுன்னு நான் மூணு மாசமா சாக்பீஸ் கோடு போட்டுக்கிட்டிருக்கேன்னாங்க. போய்ப் பாத்தா நிஜமாவே சுவர்ல அவங்க பக்கமும் கோடு கோடா இருக்குடி, நான் சிரிப்பை அடக்க முடியாம இருமுற மாதிரி நடிச்சேன்.

கூடு அவங்க பெரிய சிமெண்ட் தொட்டிக்கு அடியில இருந்துச்சு. முழங்காலோட அதை அவங்களால நகர்த்த முடியல, நகர்த்திக் கொடுக்கவும் ஆளில்ல. அப்பா தம் பிடிச்சுச் சாய்ச்சார் பாரு, அரிசி கொட்டினாப்புல முட்டை, அதுக்கு மேல எறும்பு, அடுத்த நிமிஷம் எல்லாம் அவர் பேண்ட்டுக்குள்ள. மனுஷன் ஆடின ஆட்டம் இருக்கே, அத்தை சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சு, டேய் தம்பி உள்ளே வா, கடிச்ச இடத்துல மருந்து போடலாம்னாங்க. அப்புறம் அவர் கலந்த மருந்தை விசாரிச்சாங்க. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில அத்தனை வருஷம் நின்னவங்க, தலையில அடிச்சுக்கிட்டாங்க. எறும்பு அங்கேயே சாகக் கூடாதுடா, கொண்டுபோய்க் கூட்டுல கொடுக்கிற வரைக்கும் உயிரோட இருக்கணும்னு சொல்லி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, எட்டு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் பவுடர்னு அவங்களே கலந்தாங்க. பாட்டில் மூடியில பஞ்சை நனைச்சு சுவருக்கு ரெண்டு பக்கமும் வச்சோம்.

மறுநாள் இலை துடைக்க அத்தை நம்ம குடிலுக்கு வந்தாங்க, முதல் தடவையா. உள்ளே வந்து சுத்திச் சுத்திப் பாத்தாங்க. இவ்வளவும் நீயாடா கட்டினேன்னு கேட்டாங்க, பொழுது போகணும்லன்னார். மூணு பேரும் ஆளுக்கொரு கிளையா துடைச்சோம். அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு அத்தை இலையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. அப்பாவும் இலையைப் பாத்துக்கிட்டேதான் சொன்னார், நீ சொன்னது சரிதான், அதனாலதான் கோவம் வந்துச்சுன்னு. எனக்கு அங்கே நிக்க முடியல, சோப்புத் தண்ணி மாத்தப் போற மாதிரி கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்.

பத்து நாள்ல வரிசை மெலிஞ்சு, இப்போ எலுமிச்சையில ஏழு பூ. ஞாயித்துக்கிழமை நீ பேசும்போது அத்தையும் இங்கே இருப்பாங்க, என்ன சமைக்கிறேன்னு கேப்பாங்க, உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கோ, அவங்களுக்கு நல்லா இருக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஒரு வாரமா ரெண்டு வீட்டுலயும் ஒரு எறும்பு கூட இல்ல. ஆனா அப்பா தினமும் காலையில என் பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு, இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்னு அடுத்த தெருவுக்குப் போயிடுறார், வர ஒரு மணி நேரம் ஆகுது. அத்தையும் நேத்து போன் பண்ணி, ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டுது, தம்பியை அனுப்புன்னாங்க. அதனால எறும்பெல்லாம் போயிடுச்சான்னு மட்டும் நீ போன்ல கேட்டு வைக்காதே.

நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, சந்தோஷமா இருடி கண்ணு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா