பூஜ்யம் நம்பர் சாம்பிள்

கேபிளின் தலையில் நீ ஒட்டிய பொட்டு இன்னும் உதிரவில்லை. ரத்த அணுக்களை எண்ணும் நம் பழைய மெஷினுக்குப் பின்னால், சுவருக்கும் மேசைக்கும் நடுவில் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே அதைச் செருக வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் இரண்டு முறை கேபிளின் ஊசிகளை வளைத்தோம். மூன்றாம் முறை உன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதில் ஒட்டி, "இது நெத்தி, இதுதான் மேல. இனிமே தடவிப் பாத்தே சொருகலாம்டி" என்றாய். இன்று காலையும் தடவினேன், விரலில் தட்டுப்பட்டது. போன வாரம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது.

நம் முதலாளி சாருக்கு என்ன தோன்றியதோ, லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நம் மாடிக்கு அது ஏறி வந்த அழகை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி முன்னால் ஒருவர், பின்னால் இருவர். வந்து உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு, நம் ஒன்பது ஊசிக் கேபிளைச் செருக ஓர் ஓட்டைகூட இல்லை. இடையில் மாட்டும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். மெஷின் பேசவில்லை. போர்ட் நம்பரை மாற்றினேன். பேசியது, ஆனால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. இரண்டும் தகவல் அனுப்பும் வேகம் ஒத்துப்போகவில்லை என்பது வரை எனக்குத் தெரியும். என்ன வேகம் என்பது உனக்குத்தான் தெரியும். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டால், "அந்த மாடலா? அதுக்கு இப்ப ஆளே இல்லைங்க" என்று வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எழுப்பினேன். நீ போட்டுவைத்த வேகம் அதில் இருந்தது, ஒன்பதாயிரத்து அறுநூறு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் இருந்தது. அதைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

நம் காலை வழக்கம் உனக்கு மறந்திருக்காது. மெஷினின் திரை மேல்பாதி கறுத்துப் போனதிலிருந்து கம்ப்யூட்டரில் வந்தால்தான் கணக்கு, வராவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வருகிறதா என்று முதல் நோயாளியின் ரத்தத்தை வைத்துச் சோதிக்க நீ ஒப்பவே இல்லை. "அடுத்தவுக வெரல எதுக்குடி ரெண்டு தடவ குத்தணும்? எனக்கென்ன, மரத்துப்போன வெரலு" என்று தினமும் உன் விரலையே குத்தி, பூஜ்யம் நம்பர் போட்டு அனுப்புவாய். உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"வந்துருச்சாடி?"

நான் வெளியறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். பூஜ்யத்துக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. பெயரில்லாத நம்பரை அந்தப் புரோகிராம் ஆளாகவே மதிக்காது. ஒரு பச்சைப் புள்ளியை மட்டும் காட்டிவிட்டு, மற்றதை எங்கோ தள்ளிவிடும். நான் புள்ளியைப் பார்ப்பேன்.

"வந்துருச்சு, வந்துருச்சு. அடுத்த ஆளக் கூப்புடு."

எங்கே தள்ளிவிட்டது என்று நாம் கேட்டதே இல்லை. அந்த ஃபைலில்தான் தள்ளியிருந்தது. தேதி, பூஜ்யம், எண்கள். மறுநாள் தேதி, பூஜ்யம், எண்கள். ஒரு வருடத்துக் காலைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் உன் ரத்தம்.

போன ஆடியில் உன் வெள்ளணு எட்டாயிரம். ஐப்பசியில் பத்தொன்பதாயிரம். பதினோராயிரத்தைத் தாண்டினாலே சிவப்பு மையால் வட்டம் போட்டு, "உடனே டாக்டரப் பாருங்க" என்று ஆளை விரட்டுகிறவர்கள் நாம். மார்கழியில் நாற்பதாயிரம். தை முடிவில் அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெரியவர், "ஏம்மா, ரிசல்ட்டு வந்துருச்சா?" என்று கேட்டார்.

மார்கழியில்தான் நீ டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ள ஆரம்பித்தாய். "ரெண்டு இட்லிக்கு மேல இறங்கலடி. வயிறு கல்லு மாதிரி இருக்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொண்ணு பாக்க வாராகளா, இடுப்பக் கொறைக்கிற?" என்று கேட்டு, உன் பங்கு இட்லியையும் தின்றேன். மாடிப்படியில் நீ நடுவில் நின்று மூச்சு வாங்கியபோது, "கெழவியாயிட்டடி" என்றேன். நீயும் சிரித்தாய்.

பங்குனியில் திருச்சிக்கு உன்னோடு நானும் வந்தேனே. அந்த டாக்டர் கேட்டார், "இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் டெஸ்ட் பண்ணிருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க டாக்டர்" என்றாய்.

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "ரத்தக் கேன்சரும்மா. ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம்" என்றார். வைகாசியில் நீ இல்லை.

ஒரு நாள் தவறாமல் டெஸ்ட் எடுத்துக்கொண்டவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு, வந்துருச்சு வந்துருச்சு என்று கத்தியவள் நான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம். விழுந்தது நீ, சுவரில் ஒட்டிக்கொண்டு இருப்பது நான். உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அடுத்தவர் விரலுக்கு அவ்வளவு இரக்கப்பட்டவள், உன் விரல் என்ன சொல்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதா? கேட்டுவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்கிறேன். திரை என் முன்னால்தான் இருந்தது.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறைப்பதே பாவம் என்று மறுநாள் தோன்றுகிறது. அந்த ஃபைலை அழிக்கவும் இல்லை.

புதுக் கம்ப்யூட்டரில் வேகத்தை மாற்றியதும் மெஷின் ஒழுங்காகப் பேசியது. சார் வந்து பார்த்து, "வந்துருச்சுல்ல? அப்பறம் என்னம்மா, வேலையப் பாரு" என்றார். அவரை ஒரு முறை முறைத்தேன். ஏன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

இப்போது காலையில் குத்திக்கொள்வது என் விரல். உள்ளே மெஷினில் வைத்துவிட்டு நானே வெளியே ஓடிவந்து பார்க்கிறேன். புதுக் கம்ப்யூட்டரில் முதல் நாளே பூஜ்யத்தைப் பதிவேட்டில் ஏற்றினேன், இனி அது எங்கும் தள்ளிவிடப்படக் கூடாது என்று. பெயர் கேட்டது. என் பெயரைத்தான் போட உட்கார்ந்தேன், கை உன் பெயரை அடித்துவிட்டது. மாற்றவில்லை.

தினமும் முதல் தாள் அச்சாகி வருகிறது. மேலே உன் பெயர், கீழே என் ரத்தம். இன்று வெள்ளணு ஏழாயிரத்து இருநூறு. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உன் பெயரில் வந்த தாளைக் கிழிக்க மனம் வராமல் இழுப்பறையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன்.