அக்கா முகத்தில் அரிப்பு

12.8.2006, சனிக்கிழமை

குரோம்பேட்டை நர்சிங் ஹோமில் அக்காவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் தியேட்டர் வாசலில் நான் மட்டும் இருந்தேன். மயக்க மருந்து டாக்டர் வந்து சொன்னார்: "முதுகுல போடுற ஊசியோட இன்னொரு மருந்தும் சேக்குறேன்மா. நாளைக்குக் காலைல வரைக்கும் வலி தெரியாது. மூஞ்சி அரிக்கும், பயப்படாதீங்க."

மதியம் அக்கா முகத்தைச் சொறிந்தாள். அவள் மாமியார் பதறிவிட்டார். "அய்யோ, அம்மை போட்டுகீது! புள்ளைய இங்க குடு!" குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தலைமாட்டில் வைக்க வேப்பிலை வாங்கிவர ஆள் அனுப்பினார்.

நான் கட்டிலருகே நின்றேன். அது மருந்தால் வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டாவதோடு நின்ற நீ டாக்டரா என்று மாமியார் எல்லோர் முன்னாலும் கேட்பார். வெளியே குழந்தை பசியில் கத்தியது. வலி இல்லாத அக்கா அழுதாள்.

நான்கு மணிக்கு வந்த நர்ஸின் காதில் சொன்னேன். அவர் சிரித்தார். "அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்துக்கு அரிக்குது. புள்ளைய அம்மாகிட்ட குடுங்க."

பால் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"இல்லக்கா, இப்பதான் தெரியும்."

இதைச் சொல்ல மட்டும் வாய் உடனே வந்தது.