துணியில்லாமல் ஒரு சோதனை

“இந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?” என்று இன்று மாலை தெய்வானை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வார்த்தையை எழுதியவளே நான்தான்.

நாலாக மடித்து அவர் கொண்டுவந்த படிவத்தில் மிஷின் எண்ணெய் வாசம் அடித்தது. ‘தசை அசைவு’ என்ற கட்டத்தில் ‘லாவகமற்றது’ என்பதற்கு நேராக டிக் போட்டிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பதினாறு வருடம் ஓவர்லாக் மிஷினில் பனியன் தைத்தவர் செக்கிங் மேசையில் நின்று பிசிறு வெட்டப் போகவேண்டும்.

“தைக்கிற கைங்க இது” என்றார்.

இறந்தவர்களுக்கு மடல் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இதைப் பேச உங்களைத் தவிர வேறு ஆளும் கிடையாது. தெய்வானையை உங்களுக்குத் தெரியும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது தோளில் போட்ட கட்டைப் பிரித்த பிறகு, கையைக் காதுவரை தூக்க முடியாமல் பிசியோதெரபிக்கு உங்களிடம் வந்தவர். அவர் தேறிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள். கம்பெனிக்காரர்கள் என் படிவத்தை வைத்துக்கொண்டு, அவர் கையைத் தாங்களே சோதித்து மீதியை முடித்துவிட்டார்கள்.

அந்தப் படிவத்தைத் தமிழாக்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தெய்வானை வேலைசெய்யும் மண்ணரை பனியன் கம்பெனி என்னிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டு, “பிசியோ அக்காகிட்ட ஒருதரம் காட்டிருங்க” என்று பெருமாநல்லூர் சாலையிலிருந்த உங்கள் சிகிச்சை அறைக்கு அனுப்பியது. நீங்கள் சத்தமாகப் படித்தீர்கள்.

“லாவகமான தசை அசைவு. நல்லா இருக்குதுங்க மேடம், கல்யாணப் பத்திரிகை மாதிரி.”

“அகராதியில் இருக்கும் சொல்தான்” என்றேன். உடம்பு தடையில்லாமல், அலட்டிக்கொள்ளாமல் செய்யும் அசைவை அப்படிச் சொல்வது வழக்கம். ஆடுகிறவர்களுக்கும் பந்தடிக்கிறவர்களுக்கும் எழுதுவார்கள் என்று விளக்கினேன். மொழியியல் படித்த திமிர் குரலில் இருந்திருக்கும்.

“இருக்கட்டுங்க. அது தோள்ல இருக்குதா, மணிக்கட்டுல இருக்குதா?”

“எந்திரிச்சு நில்லுங்க. சப்பாத்தி தேய்ச்சுக் காட்டுங்க” என்றீர்கள். பலகையும் இல்லை, கட்டையும் இல்லை. வெறுங்காற்றில் தேய்த்தேன். வரிசையில் காத்திருந்த பெண்களில் ஒருவர், “மேடம் ஊட்டுல ஓட்டல்லதான் வாங்குவாங்களாட்ட இருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. “பாத்தீங்களா? மாவு இல்லைன்னா கைக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் அறையில் ரப்பர் பட்டைகளையும் இரும்பு எடைகளையும் விட, மூலையிலிருந்த பனியன் வேஸ்ட் மூட்டைக்குத்தான் அதிக வேலை. அதிலிருந்து துணித்துண்டுகளை எடுத்து மேசையில் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தள்ளித் தள்ளி வைப்பீர்கள்; தெய்வானை எட்டி எடுத்து, விளிம்பைச் சேர்த்து, முன்னால் நகர்த்துவார். இதெல்லாம் வைத்தியமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “துணியைப் பாத்தா கைக்கு வேலை ஞாபகம் வரும். என்னையப் பாத்தா வலிதான் ஞாபகம் வரும்” என்றீர்கள்.

உங்கள் குறிப்பேட்டையும் பார்த்திருக்கிறேன். ‘இடது கை துணியை விடுமுன் வலது தோள் மேலே ஏறுகிறது.’ ‘மூன்றாவது துண்டில் மூச்சைப் பிடிக்கிறார்.’ பக்கம் பக்கமாகப் புரட்டியும் நல்ல, மோசமான, லாவகமான என்று ஒரு அடைமொழி கண்ணில் படவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது பொறாமையாக இருந்தது. ஒருவரைத் தொடுவதற்கு முன் அரைநாள் அவருடைய மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை உங்களுக்கு இருந்தது. எனக்கு இல்லை. நீங்கள் அவ்வளவு சொல்லியும் அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை. அழகாக இருந்தது, விட மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

அந்த நினைவில்தான் இன்று தெய்வானையிடம், “எப்படிச் சோதித்தார்கள்?” என்று கேட்டேன்.

“மிஷினை ஆஃப் பண்ணிட்டு, தைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டச் சொன்னாங்க.”

“துணி?”

“கேட்டனுங்க. டெஸ்டுக்கெல்லாம் எதுக்குத் துணி, வேஸ்டாப் போயிரும்னுட்டாங்க.”

வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிற ஊர் இது. சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நாளை நானும் வருகிறேன் என்றேன். வந்து என்ன செய்வேன் என்று தெரியாமலேதான் சொன்னேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று நடந்தது இது.

பத்து மணிக்குப் போனேன். துணி கொடுத்துப் பாருங்கள் என்றேன். சூப்பர்வைசர் ஒப்பவில்லை. “துணி குடுத்தா அக்கா பழக்கத்துல தைச்சுப்போடுவாங்க மேடம். அப்புறம் கை எப்படி இருக்குதுன்னு எப்படித் தெரியும்?”

அவரும் பழைய டெய்லர்தான். “அப்படியானால் நீங்கள் ஒருமுறை துணியில்லாமல் தைத்துக் காட்டுங்கள்” என்றேன். உட்கார்ந்து, இரண்டு கையையும் காற்றில் வெட்டி வெட்டி நகர்த்தினார்.

“அண்ணா, ஈ ஓட்டுறீங்களா?” என்றார் தெய்வானை. அந்த வரிசை முழுவதும் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, வெட்டிவைத்த துணி பீஸ் ஒரு கட்டு கொண்டுவரச் சொன்னார்.

தெய்வானை பன்னிரண்டு பீசுக்குக் கழுத்துப் பட்டியான ரிப்பை வைத்துத் தைத்தார். இரண்டு தேறவில்லை. வேகம் பழையபடி இல்லை. அதை மறைக்க முடியாது, நானும் மறைக்கவில்லை. ஒரு மாதம் மிஷினிலேயே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் மேனேஜர். படிவத்தில் என் சொல்லை நானே அடித்தேன். ‘வலது முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தைக்கிறார். ஏழாவது பீசுக்குப் பிறகு தோள் ஏறுகிறது. விளிம்பு விலகினால் தானே நிறுத்திச் சரிசெய்கிறார்’ என்று எழுதினேன். முப்பது நிமிடம் பார்த்ததற்கு மூன்று வரிதான் வந்தது. இனி எழுதினால் இப்படித்தான் எழுத முடியும் போலிருக்கிறது. அது உங்களால் வந்தது.

கிளம்புமுன் அவரிடம் குனிந்து, “வலிக்கிறதா?” என்று கேட்டேன்.

“வலிக்குதுங்க” என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், வெளிச்சம் மறைக்குது.”

தள்ளி நின்றேன்.